குளிரொடுக்கம்: ஆமை தூங்கப் போவதில்லை

‘குட்டி ஆமையைக் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பலாமா?’ ஆமை வளர்ப்பு பற்றிய ஆங்கிலக் காணொளிகளுக்குத் தமிழ் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஒருவர் ‘குளிர்காலத் துயில்’ என்பார், இன்னொருவர் ‘பனிக்கால நித்திரை’ என்பார். எப்படிச் சுற்றினாலும் தூக்கத்தில்தான் வந்து நிற்கிறார்கள். குளிரில் உடம்பின் இயக்கம் குறைந்து விலங்கு அடங்கிக் கிடக்கும் ஹைபர்னேஷன் தூக்கம் அல்ல.

மூலச் சொல்லிலும் தூக்கம் கிடையாது. லத்தீனில் ஹிபெர்னாரே என்றால் குளிர்காலத்தைக் கழிப்பது. ரோமானியப் படை குளிருக்குப் பாளையம் இறங்கிய இடம் ஹிபெர்னா. ஊர்வனவற்றுக்கென்று ப்ரூமேஷன் என்ற தனிச்சொல்லை 1965-இல் அமெரிக்க விலங்கியலாளர் வில்பர் மேஹ்யூ முன்வைத்தார். ப்ரூமா என்பது ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல். இரண்டுமே பருவத்தைத்தான் சொல்கின்றன.

தமிழில் உள்ள சொல் ‘ஒடுக்கம்’. குளிருக்கு ஒடுங்குவது குளிரொடுக்கம், வெயிலுக்கு ஒடுங்குவது கோடையொடுக்கம். ‘ஊக்கம் உடையான் ஒடுக்கம்’ என்று குறள் 486 சொல்வது, பாய்வதற்கு முன் பின்வாங்கும் கிடாயைப் போன்றது. வலு உள்ளே இருக்க, வெளியே அடங்கியிருக்கும் நிலை அது. ஆமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன வேண்டும்?

‘உறக்கம் எல்லாருக்கும் புரிகிறதே, விட்டுவிடலாமே’ என்கிறார்கள். புரிகிறதுதான், ஆனால் தப்பாகப் புரிகிறது. பிரிட்டனில் ஹெர்மன் ஆமை என்ற மத்தியதரைக் கடல் பகுதித் தரை ஆமையை வளர்ப்பவர்கள் பலர் குளிர்காலத்தில் அதை ஃபிரிட்ஜில், ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை பாதி விழித்து, சேமித்த சத்தைத் தின்று தீர்க்கும். பூச்சியத்துக்குக் கீழே போனால் கண்ணே போய்விடலாம். ‘உறைநிலை’ என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஆமை உறையவே கூடாது.

இப்போது ‘உறக்கம்’ என்ற சொல்லோடு இதைப் படிக்கிறவர் என்ன செய்வார்? தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம், அதனால் ஆமையைத் தொடவே மாட்டார். உண்மையில் அதை அவ்வப்போது எடுத்து எடை போட வேண்டும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலோ, சிறுநீர் கழித்திருந்தாலோ, அன்றே எழுப்பி, சூடேற்றி, வெதுவெதுப்பான நீரில் விட வேண்டும். ஏனென்றால் சிறுநீர்ப்பையில் இருப்பதுதான் அதன் தண்ணீர்க் கையிருப்பு. அப்புறம், நாம் சாப்பிட்டுவிட்டுத்தான் தூங்கப் போவோம். ஆமையோ சில வாரம் முன்பிருந்தே சாப்பிடாமல், குடலைக் காலி செய்துகொண்டுதான் ஒடுங்க வேண்டும்; உள்ளே தங்கிய இரை குளிரில் செரிக்காமல் அழுகிவிடும். இன்னொன்று, உடம்பு சரியில்லாதவர்கள் தூங்கினால் தேறுவார்கள் என்று நம்புகிறோம். நோயுள்ள குட்டி ஆமையைக் குளிரில் ஒடுங்க விட்டால் அது எழாமலே போகலாம்.

குளிரில் ஒடுங்கும் தரையணில்கள் இடையிடையே உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, அப்போதுதான் உண்மையில் தூங்குகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தூக்கம் வேறு, ஒடுக்கம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ‘அறிதுயில்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாம்பணையில் திருமால் கொள்ளும் துயில், எல்லாம் அறிந்தபடியே துயில்வது. அதை ஃபிரிட்ஜில் இருக்கும் ஆமைக்குச் சூட்டுவது இரண்டு பொருளையும் கெடுக்கிறது.

ஒடுக்கம் என்றால் அடக்குமுறை நினைவுக்கு வருகிறது என்பது எதிர்வாதம். ஒடுக்கு வேறு, ஒடுங்கு வேறு. பள்ளிக்கூட இலக்கணமே பிறவினை, தன்வினை என்று பிரித்துச் சொல்கிறதே. ‘ஆமையை ஒடுக்கலாமா’ என்று யாரும் எழுத வேண்டாம். ‘ஒடுங்க விடலாமா’ என்று எழுதலாம். ஆங்கிலத்தில் ‘ஆமையை ஹைபர்னேட் செய்வது’ என்று, ஆமையை ஏதோ செய்வதுபோல் ஒலிப்பது, தமிழில் அதற்கு வழிவிடுவதாக மாறுகிறது. நடப்பதும் அதுதான்.

குட்டி ஆமையை ஒடுங்க விடலாமா என்ற முதல் கேள்விக்கு ‘குட்டி தூங்கும் வயதா?’ என்று வயதை வைத்துப் பதில் தேடுகிறார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் அந்த ஆண்டு பொரித்த குஞ்சே முதல் குளிரில் மண்ணுக்குள் ஒடுங்குகிறது. ஆகவே வயதுக்கு முன்னால் இனம், உடல்நலம், எடை மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், வளர்ப்பவர்கள் பலர் முதல் குளிரில் சில வாரங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐயம் இருந்தால் விளக்கும் வெப்பமும் கொடுத்து விழித்தே இருக்க விடுகிறார்கள்.

இனத்தைக் கவனிக்காத மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். ஹெர்மன் ஆமைக்கான குறிப்பைத் தமிழாக்கி, பக்கத்தில் நம்மூர் நட்சத்திர ஆமையின் படத்தைப் போடுகிறார்கள். நட்சத்திர ஆமை குளிரொடுக்கம் கொள்ளும் இனமே அல்ல, 5 டிகிரியில் வைத்தால் செத்துப்போகும். இந்தியாவில் அதை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.