செக்கெண்ணெயும் தாத்தாவின் தோல் பையும்

பணகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா வரவு செலவு நோட்டு வைத்திருந்த தோல் பை வீட்டில் கிடக்கிறது. மூடி மடியும் இடத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா, நல்லெண்ணெய் தடவலாமா? ரெண்டும் செக்கில் ஆட்டியதுதான்."

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்களின் பின்னல். நம் பக்கத்துத் தரிசில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரையின் பட்டை, கடுக்காய், இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு ஆகியவை அதை அழுகாமல் காக்கின்றன. அப்புறம் எண்ணெய் ஏற்றுவார்கள். நாரோடு நார் ஒட்டாமல் வழுக்குவதற்கு அது வேண்டும். எண்ணெய் குறைந்தால் மடிப்பில் வெடிக்கும். சரி, இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எந்த எண்ணெய் கடைசிவரை எண்ணெயாகவே இருக்கும் என்பதில்தான் சுவாரசியம். எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலியில், இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கார்பனின் ஹைட்ரஜன் லேசில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து உட்காரும். உட்கார்ந்தது சும்மா இருக்காது, பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கும். அங்கேயும் ஓர் ஆக்சிஜன் ஏறும். இப்படியே போய்ச் சங்கிலிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிவிடும். எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கம் வழிந்து, எவ்வளவு தேய்த்தாலும் போகாமல் மஞ்சளாக இழுபடுகிறதே பிசுக்கு, அது இந்த வலைதான். சில சங்கிலிகள் உடைந்து ஆல்டிஹைடும் அமிலமும் ஆகும். சிக்கு வாடை அங்கிருந்துதான் வருகிறது. இதெல்லாம் தோலுக்குள் நடந்தால், வழுக்க வேண்டிய நார்கள் பிசின் போட்டதுபோல விறைத்துக்கொள்ளும்.

இதைக் கணிக்க அயோடின் எண் இருக்கிறது. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்ற கணக்கு. இரட்டைப் பிணைப்பு கூடினால் எண்ணும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி, விளக்கெண்ணெய்க்கு 85-ஐ ஒட்டி, நல்லெண்ணெய்க்கு 110-ஐ ஒட்டி, ஆளி விதை எண்ணெய்க்கு 170-க்கும் மேல். பையன்கள் கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவது இந்தக் கடைசி எண்ணெயைத்தான். மரத்தில் அது இறுகுவது நல்லது, தோலில் வினை. "இயற்கைதானே, கெடுதல் செய்யாது" என்பது நம் காலத்து மூடநம்பிக்கை. ஆளி விதையும் இயற்கைதான்!

அப்படியானால் தேங்காய் எண்ணெய்தானே ஜெயித்தது? முழுதாக இல்லை. 24 டிகிரி வாக்கில் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். தோலின் மேலும் வெள்ளையாகப் பூக்கும். ஐப்பசி மழையில் பூக்கிற பூசணமும் வெள்ளைதான். ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டுங்கள்: உருகி மறைந்தால் கொழுப்பு, அப்படியே நின்றால் பூசணம்.

மேல்நாட்டுக் குதிரைச் சேணக்காரர்கள் மாட்டுக் காலெலும்பை வேகவைத்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை நம்புகிறார்கள். உடம்பைவிடக் கால் குளிர்ந்திருக்கும் என்பதால் அங்குள்ள கொழுப்பு லேசில் உறையாது. எனக்கு மிகவும் பிடித்த உயிரியல் ஏற்பாடு இது. ஆனால் அதையும் கொட்டிக் குளிப்பாட்டக் கூடாது, மிஞ்சிய எண்ணெய் தூசியைத்தான் பிடிக்கும். தேன்மெழுகும் கம்பளிக் கொழுப்பும் சேர்ந்த தோல் கிரீம் வீட்டுக்குப் போதும், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாக. அருங்காட்சியகங்களில் பழைய தோலுக்கு வழக்கமாக எண்ணெய் பூசுவதையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

சென்னை அடையாறில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தெரிந்ததெல்லாம் எளிய தமிழில் செருப்புத் தைப்பவர் கைக்கு வந்து சேர ஒதுக்கும் பணம் வீண் செலவு ஆகாது என்பது என் கட்சி.

பணகுடிக்காரர் முதலில் பையின் மறைவான மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கட்டும். முத்தாக நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, கிரீம் உள்ளே இறங்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். உறிஞ்சிக் கறுத்தால் கிரீம் போடலாம். ஆனால் வெடித்த நாரை எந்த எண்ணெயும் சேர்த்து வைக்காது. தைப்பவரிடம் கொடுத்து உள்பக்கம் மெல்லிய தோல் ஒட்டு வைத்த பிறகு போடுங்கள். எண்ணெய் ஏறிய தோலில் பசை பிடிக்காது.