ஈவு ஏறியது, ஆட்கள் குறைந்தார்கள்

ஒரு வட்டார வளர்ச்சி அறிக்கையைச் சரிபார்க்கும் வேலை சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. "நெசவுத் தொழில் வலுப்பெற்று வருகிறது, அமைவிட ஈவு பத்தாண்டுகளில் 4-இலிருந்து 5 ஆக உயர்ந்துள்ளது" என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கணக்கில் பிழை ஏதும் இல்லை. பிழை வேறிடத்தில் இருந்தது.

வட்டாரத்தின் மொத்த வேலைவாய்ப்பில் ஒரு தொழிலுக்கு உள்ள பங்கை, நாடு முழுவதிலும் அதே தொழிலுக்கு உள்ள பங்கால் வகுத்தால் கிடைப்பதே அமைவிட ஈவு. 1 என்றால் நாட்டுச் சராசரி. அதற்கு மேல் போனால் அந்தத் தொழிலில் வட்டாரம் தேர்ச்சி பெற்றிருக்கிறது என்று பொருள்கொள்வது வழக்கம்.

அறிக்கையின் எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். தொடக்கத்தில் வட்டாரத்தில் 10,000 தொழிலாளர்கள். நெசவில் 2,000 பேர், அதாவது 20 விழுக்காடு. நாட்டில் நெசவின் பங்கு 5 விழுக்காடு. ஈவு 4. பத்தாண்டு கழித்து வட்டாரத்தில் 6,000 பேர்தான். நெசவில் 1,500, அதாவது 25 விழுக்காடு. நாட்டின் பங்கு மாறவில்லை. ஈவு 5. நெசவில் 500 பேர் வேலை இழந்திருக்கிறார்கள். மற்ற தொழில்கள் அதைவிட வேகமாகச் சரிந்ததால் ஈவு ஏறிவிட்டது. இதற்குப் பெயர் வளர்ச்சியா?

சிறிய வட்டாரங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு பெரிய ஆலை இருந்தால் போதும், ஈவு விண்ணைத் தொடும். கண்ணை மூடிக்கொண்டு பலகையில் அம்பு எறிந்தாலும் எங்காவது நாலைந்து சேர்ந்து விழத்தானே செய்யும்! பொருளியலாளர்கள் கிளென் எலிசனும் எட்வர்ட் கிளேசரும் 1997-இல் வெளியிட்ட குறியீடு இந்தத் தற்செயலைத்தான் கழிக்கிறது: ஆலைகளின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, அதற்கும் மேலே எஞ்சுகிற குவியலை மட்டும் அளக்கிறது.

தரவு எங்கே பதிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தலைமை அலுவலக முகவரியில் எல்லாத் தொழிலாளர்களையும் எழுதிவிட்டால், ஒரு குழிகூடத் தோண்டாத நகரம் சுரங்கத் தொழிலில் முன்னணிக்கு வந்துவிடும்.

வட்டாரத்தின் தொழில் அமைப்பு முழுவதையும் ஒரே எண்ணில் சொல்லப் பொருளியலாளர் பால் குருக்மன் பயன்படுத்திய குறியீடு இருக்கிறது. ஒவ்வொரு தொழிலிலும் வட்டாரத்தின் பங்குக்கும் நாட்டின் பங்குக்கும் உள்ள வேறுபாட்டை, கூட்டல் கழித்தல் குறி பாராமல், கூட்ட வேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் 0. உச்ச வரம்பு 2. தொழில்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கிறோமோ, அந்த அளவுக்கு இது ஏறலாம், ஒருபோதும் இறங்காது. ஆகவே வெவ்வேறு வகைப்பாட்டில் கணக்கிட்ட இரண்டு ஆண்டுகளை அருகருகே வைத்துப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அந்த அறிக்கை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது தடித்த எழுத்து போயிருந்தது. ஈவு 5 மட்டும் அதே இடத்தில் நின்றது; பக்கத்தில் 2,000, 1,500 என்று இரண்டு எண்கள்.