அரிவாள்மூக்கனும் அபூ மின்ஜலும்

தை மாதத்துக் காலையில் திருநெல்வேலி மாவட்டத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்குள் நுழைந்தால், பறவை கண்ணில் படும் முன்னால் ஒரு சத்தம் காதில் விழும். காய்ந்த பனைமட்டை இரண்டை எடுத்து யாரோ விடாமல் தட்டுவது போல இருக்கும். ஊர்த்தெரு மரங்களில் கூடு வைத்திருக்கும் மஞ்சள்மூக்கு நாரைகள் அலகோடு அலகை அடிக்கும் சத்தம் அது.

நாரை ஏன் கத்தாமல் அலகைத் தட்டுகிறது? நமக்குக் குரல் பிறப்பது மூச்சுக்குழாயின் மேல்முனையில், தொண்டையில். பறவைகளுக்கு அது கீழ்முனையில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குப் போகும் இடத்தில் பிறக்கிறது. அந்த உறுப்புக்கு சிரிங்ஸ் என்று பெயர். அங்கே இருக்கும் மெல்லிய சவ்வுகள் காற்றில் அதிர்கின்றன. சுற்றியுள்ள சின்னத் தசைகள் அவற்றை இழுத்தும் தளர்த்தியும் சுருதியை மாற்றுகின்றன. இரண்டு கிளையும் தனித்தனியே ஒலிக்கும் என்பதால் சில பாடும் பறவைகளால் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் எழுப்ப முடிகிறது. நாரைக்கு அந்தத் தசைகள் சரியாக அமையவில்லை. வளர்ந்த நாரை லேசாக முனகும், சீறும். மற்றபடி அலகுதான் அதற்கு வாய்.

அரபியில் நாரைக்குப் பெயர் 'லக்லக்'. கூந்தன்குளத்தில் நின்றுகொண்டு அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வேறு விளக்கமே வேண்டாம். ஒலியை இரண்டு முறை அடுக்கிப் பெயராக்குவது அரபிக்குப் பிடித்த வழி. கொண்டலாத்தி அங்கே 'ஹுத்ஹுத்', குக்கூ இனப் பறவை 'வக்வாக்'. பாடும் பறவைக்கு 'புல்புல்'. அந்தச் சொல் பாரசீகம் வழியே நடந்து ஆங்கிலத்துக்கும் போய், நம் தோட்டத்துச் சின்னானுக்கு ஆங்கிலப் பெயராக உட்கார்ந்துவிட்டது.

நம்மிடமும் இந்த அடுக்கு உண்டு. சலசல, படபட, கிச்சுகிச்சு எல்லாம் இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியமே விதி சொல்லியிருக்கிறது. ஆனால் தமிழில் அது பெரும்பாலும் 'படபடவென்று' என வினைக்கு முன்னால் வந்து நிற்கும். அதே அடுக்கை அரபி நேரே பறவையின் பெயராகச் சூட்டிவிடுகிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பறவைக்கு உதடும் இல்லை, பல்லும் இல்லை. அதன் ஒலியில் 'ப'வும் இல்லை, 'த'வும் இல்லை. அந்த எழுத்துகளைப் போடுவது கேட்கிற மனிதக் காதுதான், அதுவும் தன் மொழியில் இருக்கிற எழுத்துகளை வைத்து. கொண்டலாத்தியின் மெல்லிய மூன்றுதட்டுக் குரலை லத்தீன்காரர்கள் 'உபுபா' என்று கேட்டார்கள், ஆங்கிலேயர்கள் 'ஹூப்பூ' என்றார்கள். இரண்டிலும் 'ப' இருக்கிறது. செவ்வியல் அரபியில் வல்லின 'ப' கிடையாது. அவர்கள் காதில் அதே குரல் 'ஹுத்ஹுத்' என்று விழுந்தது. கோடையில் விடாமல் சுருதி ஏற்றிக்கொண்டே போகும் ஒரு குயிலினத்தை நாம் 'அக்கக்கா' என்று கேட்டு அக்காக்குயில் என்கிறோம். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் அதையே 'பிரெயின் ஃபீவர்', அதாவது மூளைக்காய்ச்சல், என்று கேட்டார்கள். வெயில் தாங்காதவர்கள் காதில் அப்படித்தானே விழும்!

ஹுத்ஹுத் மேலப்பாளையத்துப் பிள்ளைகளுக்கு மதரஸா வயதிலேயே தெரிந்த பறவை. பறவைகளைக் கணக்கெடுத்த சுலைமான் நபி ஹுத்ஹுத்தைக் காணாமல் தேட, அது சபா நாட்டு அரசியைப் பற்றிய செய்தியோடு வந்து நின்றதாகக் குர்ஆனில் வருகிறது. அதே அரசர் விவிலியத்தில் சாலொமோன். அவருடைய கப்பல்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பொன்னும் தந்தமும் குரங்கும் 'துக்கிய்யிம்' என்ற ஒன்றும் கொண்டுவந்தன. இந்தத் துக்கி நம் 'தோகை'தான், மயில்தான் என்று வாதிட்டவர் கால்டுவெல். திசையன்விளைப் பக்கத்து இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்தவர். 1856இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணம் திராவிட மொழிகளை ஒரு குடும்பமாக நிறுத்தியது. தேரி மணலில் மயில் அகவுவதைக் கேட்டுக்கொண்டே எபிரேயம் படித்த மனிதருக்கு அந்தச் சொல் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி. பெயர் அப்படியே இருக்க, பறவை மட்டும் மாறிவிட்டது.

காதால் வைத்த பெயர்கள் இவ்வளவு. கண்ணால் வைத்த பெயர்கள்தான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

எங்கள் சித்தப்பா சவூதியில் தோட்ட வேலை பார்த்து வந்தவர். அவரைக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் நடந்தபோது, கறுத்த மொட்டைத்தலையும் கீழ்நோக்கி வளைந்த அலகுமாகச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்த அரிவாள்மூக்கனைக் காட்டினேன். "இதுக்கு அரபியில் அபூ மின்ஜல்னு பேரு, சித்தப்பா."

அவர் நின்றுவிட்டார். "மின்ஜலா? ஏலே, அது பண்ணருவால்லா! அதை வச்சுத்தான நான் அங்க புல்லு அறுத்தேன்!"

அதேதான். மின்ஜல் என்றால் கதிரறுக்கும் வளைந்த அரிவாள். 'அபூ' என்றால் தந்தை; இந்த மாதிரிப் பெயர்களில் 'அதை உடையவன்' என்று பொருள்படும். நாம் மூக்கு என்ற சொல்லோடு 'அன்' சேர்த்து மூக்கன் என்று ஆக்குவதை, அவர்கள் முன்னால் ஓர் அபூவை வைத்துச் செய்கிறார்கள். வரப்போரத்தில் நின்ற உழவர் ஒருவர் இங்கே, பேரீச்சந்தோட்டத்தில் நின்ற உழவர் ஒருவர் அங்கே. இருவர் கையிலும் ஒரே கருவி, இருவருக்கும் ஒரே உவமை. ஆங்கிலத்தில் இதற்கு ஐபிஸ் என்று பெயர். பழைய எகிப்தியச் சொல் கிரேக்கம் வழியாக வந்து சேர்ந்தது, அதில் அரிவாள் தெரியாது. கரண்டிவாயனுக்கும் இதே கதை: அரபியில் 'அபூ மில்அகா', கரண்டி உடையவன். இங்கே ஆங்கிலமும் சேர்ந்துகொண்டு 'ஸ்பூன்பில்' என்கிறது.

உழவு நேரத்தில் டிராக்டருக்குப் பின்னால் வரிசைகட்டி நடக்கும் உண்ணிக்கொக்கு இன்னும் அழகு. எகிப்தில் அதன் பெயர் 'அபூ கிர்தான்'. கிர்தான் என்றால் உண்ணிகள்! மாட்டின் மேலிருக்கும் உண்ணியைக் கொத்துவதால் வந்த பெயர் என்பார்கள். கூடுகளில் உண்ணி மண்டிக் கிடப்பதால் வந்தது என்றும் சொல்வார்கள். உண்மையில் அது அதிகம் தின்பது உண்ணியை அல்ல, மாட்டுக் காலடியில் புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளிகளை. ஆனாலும் தாமிரபரணிக்காரரும் நைல்காரரும் அந்தக் கொக்கைப் பார்த்ததும் உண்ணியைத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் மாடு இருக்கிறது, உண்ணி இல்லை.

அடுத்தது செயலைப் பார்த்து வைத்த பெயர்கள். மரங்கொத்தி, மீன்கொத்தி, முக்குளிப்பான் என்று வினையோடு விகுதி சேர்த்து நாம் செய்கிறோம். அரபியில் ஒரு சொல்லின் உயிர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளில் இருக்கும். அவற்றை ஒரு வார்ப்பில் ஊற்றினால் பொருள் மாறும். நடு எழுத்தை இரட்டித்து அடுத்து நெடில் வைத்தால், அந்த வேலையையே தொழிலாகச் செய்பவன் என்று ஆகிவிடும். கசாப்புக் கடையில் இருக்கும் கசாப்பு இந்த வார்ப்பில் வந்ததுதான். பொன் வெள்ளி வியாபாரிக்குச் சொல்லும் சராபும் அப்படியே. இதே வார்ப்பில் மரங்கொத்தி 'நக்கார் அல்-கஷப்', மரத்தைக் கொத்துகிறவன். முக்குளிப்பான் 'கத்தாஸ்', முங்குகிறவன். அல்-கத்தாஸ் போர்த்துக்கீசியர் வாயில் 'அல்காட்ராஸ்' ஆகி, கூழைக்கடாவுக்கும் வேறு கடற்பறவைகளுக்கும் பெயரானது என்பது ஒரு விளக்கம். நீர் இறைக்கும் வாளியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. கூழைக்கடாவின் தாடைப்பையைப் பார்த்தவர்களுக்கு வாளி விளக்கமும் பிடிக்கும். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் ஆல்பட்ராஸ் ஆனது.

பறத்தலுக்கான மூன்று மெய் த-ய-ர. 'தாயிர்' பறவை, 'தையாரா' விமானம். முன்னால் 'ம' சேர்ந்தால் இடம்: நெற்றி நிலத்தில் பட சஜ்தா செய்யும் இடம் மஸ்ஜித், பாடம் படிக்கும் இடம் மதரஸா, பறக்கும் இடம் மதார், அதாவது விமான நிலையம். நம் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போன ஒவ்வொருவரும் இறங்கியதும் பார்த்த முதல் பலகையில் இந்தப் பறவை இருந்திருக்கிறது.

இதே மூன்று மெய்யிலிருந்து 'தியரா' என்று ஒரு சொல்லும் உண்டு. பறவை பறக்கும் திசையைப் பார்த்துக் குறி சொல்வது. இஸ்லாம் அதை மறுத்தது. சங்கத் தமிழில் 'புள்' என்றால் பறவை, நிமித்தமும் அதுவே. இன்று நாம் சொல்லும் 'சகுனம்' வடமொழியில் பறவையைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் மங்கலம் என்று பொருள்படும் 'ஆஸ்பிஷியஸ்' லத்தீனில் பறவையையும் பார்ப்பதையும் சேர்த்துச் செய்தது. நான்கு மொழிகளும் பறவையைப் பார்த்து நாளையை யோசித்திருக்கின்றன.

சித்தப்பாவுக்கு நான் கடைசியாகக் காட்டியது வானத்தில். செப்டம்பர் கடைசியில் இரவு எட்டு மணிக்குத் திருநெல்வேலியில் எந்த மொட்டைமாடியில் நின்று அண்ணாந்தாலும் உச்சந்தலைக்கு நேர் மேலே ஒரு பிரகாசமான விண்மீன் இருக்கும். நம் திருவோணம். ஆங்கிலத்தில் ஆல்டேர், அரபி 'அன்-நஸ்ர் அத்-தாயிர்', பறக்கும் கழுகு. அதன் இடம் வானத்தின் நடுக்கோட்டுக்கு வடக்கே கிட்டத்தட்ட 8.9 பாகை, நம் ஊர் பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 பாகை. அதனால்தான் அது நம் தலைக்கு மேலேயே வந்து நிற்கிறது. வடமேற்கில் தெரியும் வேகா 'அன்-நஸ்ர் அல்-வாகி', சிறகை மடித்து இறங்கும் கழுகு. வடக்கே சற்றுக் கிழக்காக டெனெப். அதன் முழுப்பெயர் 'தனப் அத்-தஜாஜா'.

"தஜாஜா?" சித்தப்பாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும், பல வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் சாப்பிட்டது. "கோழியா, மக்கா?"

ஆமாம், கோழிவால். கழுத்து வலிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.