கொலுசு எங்கே காத்திருக்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு கொலுசுப் பட்டறை இருக்கிறது. சாயங்காலம் டீ குடிக்கப் போகும்போது அங்கே கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். ஒருவர் கம்பியை வளைத்துக் கண்ணி கோக்கிறார், அடுத்தவர் பத்தவைத்து ஒட்டுகிறார், அதற்கடுத்தவர் சலங்கை வைக்கிறார், கடைசியில் மெருகு. யார் கையும் ஒரு நொடி ஓய்வதில்லை. ஆனால் ஆளை விட்டுவிட்டு ஒரு ஜோடிக் கொலுசை மட்டும் கண்ணால் தொடர்ந்து பாருங்கள், அது பெரும்பாலான நேரம் ஏதோ ஒரு தட்டில் சும்மா கிடக்கிறது. வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கும் லீன் (lean) சிந்தனை என்று சொல்கிறார்களே, அது தொடங்குவது இந்த இடத்தில்தான். ஆள் சும்மா இருக்கிறாரா என்று பார்க்காமல், பொருள் சும்மா கிடக்கிறதா என்று பார்ப்பது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். கணக்குக்காக ஒரு ஜோடிக்கு ஒவ்வொருவரிடமும் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தட்டில் 20 ஜோடி சேர்ந்த பிறகுதான் அடுத்தவருக்குப் போகும் என்றால், ஒருவரிடம் 100 நிமிடம், நான்கு பேரிடமும் சேர்த்து 400 நிமிடம், அதுவரை ஒரு ஜோடிகூட முழுதாகக் கைக்கு வராது. ஐந்தைந்தாக நகர்த்தினால் 20 ஜோடியும் 175 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றாக நகர்த்தினால் முதல் ஜோடி 20-வது நிமிடத்திலேயே வந்துவிடும், கடைசி ஜோடி 115-வது நிமிடத்தில். அதே ஆட்கள், அதே வேகம். இடையில் கிடந்த நேரம் மட்டும்தான் குறைந்திருக்கிறது. இதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று உண்டு: பத்தவைத்ததில் கோளாறு என்று சலங்கை வைக்கிறவருக்குத் தெரியவரும்போது, முதல் முறையில் 20 ஜோடியும் கெட்டிருக்கும், கடைசி முறையில் இரண்டு மூன்றுதான்.

அப்படியானால் ஏன் எல்லாரும் தட்டு நிறையும்வரை காத்திருக்கிறார்கள்? பட்டறை அண்ணாவிடம் கேட்டேன். "ஒவ்வொரு ஜோடிக்கும் எந்திரிச்சுப் போய்க் கொடுத்துட்டு வந்தா வேலை ஆகுமா தம்பி?" என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரி. ஒரு முறை நகர்த்துவதற்கு ஆகும் செலவு பெரிதாக இருந்தால் தட்டும் பெரிதாகத்தான் இருக்கும். அதனால் தட்டைச் சிறிதாக்கு என்று கட்டளை போட்டால் போதாது, நகர்த்தும் செலவை முதலில் குறைக்க வேண்டும். டொயோட்டாவில் செய்தது இதுதான். இரும்புத் தகடு அழுத்தும் எந்திரத்தில் அச்சு மாற்ற மணிக்கணக்கில் ஆனதை நிமிடக்கணக்குக்குக் கொண்டுவந்தார்கள், அதன் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது கட்டுப்படியானது. டொயோட்டா பொறியாளர் டைய்ச்சி ஓனோ அங்கே வளர்த்தெடுத்த அந்த முறைக்கு லீன் என்ற பெயரை 1988-ல் ஆய்வாளர் ஜான் கிராஃப்சிக் தன் கட்டுரையில் வைத்தார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். பட்டறையில் தேங்கியது தட்டில் கண்ணுக்குத் தெரியும், என் வேலையில் தேங்கியது கம்ப்யூட்டருக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. பாதி எழுதிய வசதி, சோதிக்காத திருத்தம், கடைக்காரர் இன்னும் பார்க்காத திரை, எல்லாமே வெள்ளி முடங்கிக் கிடப்பது போலத்தான். ஆறு மாதம் உட்கார்ந்து முழுதாகச் செய்து முடித்துக் காட்டுவதைவிட, ஒரு திரையை மட்டும் செய்து ஒரு கடையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் புதுப் பொருளில் பெரிய கோளாறு அது யாருக்கும் தேவைப்படாமல் போவதுதான், அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு உழைப்பு மிஞ்சும். இங்கே நகர்த்தும் செலவு என்பது ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் சோதித்துப் பார்ப்பது. சோதனையைத் தானாக ஓடும்படி எழுதி வைத்த பிறகு மாதம் ஒரு முறை கொடுத்ததை வாரம் ஒரு முறை கொடுக்க முடிகிறது.

சொந்த வேலைகளுக்கும் இதே கணக்குதான். ஜான் லிட்டில் என்ற பேராசிரியர் 1961-ல் நிரூபித்த விதி ஒன்று இருக்கிறது: சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் நம்மிடம் கிடக்கும் என்று வந்துவிடும். கையில் 12 வேலை, வாரத்துக்கு 3 முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் 4 வாரம். கையில் 6 மட்டும் வைத்துக்கொண்டு அதே வேகத்தில் முடித்தால் 2 வாரம். கூடுதலாக ஒரு மணி நேரம்கூட உழைக்க வேண்டியதில்லை.

அப்புறம், ஒரு நாளின் நேரம் முழுவதையும் வேலையால் நிரப்பி வைப்பது. மே மாத ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மலைப்பாதையில் போனவர்களுக்கு இது புரியும். 20 கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறுகிற வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும்போது ஏதோ ஒரு வளைவில் பேருந்து கொஞ்சம் பின்னால் வந்து திரும்பினால் போதும், கீழே கடைசி வண்டிவரை நின்றுவிடும். அதே பேருந்து செவ்வாய்க்கிழமை காலையில் திரும்பினால் யாருக்கும் தெரியாது. வரிசையில் காத்திருப்பதை ஆராயும் வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு ஒன்று, வேலை எப்போது வரும், எவ்வளவு நேரம் இழுக்கும் என்று நிச்சயமில்லாத தனி ஆளுக்கானது, இதைச் சொல்கிறது: நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் சராசரியாக ஒரு மணி நேரமாகும் வேலை தன் முறைக்காக 4 மணி நேரம் காத்திருக்கும், 90 சதவீதம் என்றால் 9 மணி, 95 என்றால் 19 மணி. கடைசி ஐந்து சதவீதத்தை நிரப்புவதற்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்கிறோம் என்று முதல்முறை கணக்கைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இப்போது என் மேசைக்கு மேல் சுவரில் மூன்று ஆணி அடித்திருக்கிறேன். நடக்கும் வேலை ஒவ்வொன்றும் ஒரு சீட்டு, ஒரு ஆணிக்கு ஒரு சீட்டுதான். ஆணி காலியானால்தான் புதுச் சீட்டு ஏறும். நேற்று ஒரு நகைக்கடைக்காரர் அவசரமாகத் திருத்தம் ஒன்று கேட்டார். மூன்று ஆணியிலும் சீட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்று இறங்கும், அன்றைக்கே எடுக்கிறேன், திங்கட்கிழமை கையில் கொடுத்துவிடுவேன் என்றேன். சரி என்று ஒத்துக்கொண்டார்.