நாள் கணக்கு சரி, வரிசைதான் தப்பு

ஒரே அசெம்பிளி லைனில் விதவிதமான ஆப்ஷன்களோடு கார்கள் ஓடும்போது, பிளானிங்கில் முதலில் பார்ப்பது நாளின் மொத்தத்தைத்தான். 450 நிமிட ஷிப்டில் 450 வண்டி, டாக்ட் டைம் (ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் இடைப்பட்ட நேரம்) 60 விநாடி. சன்ரூஃப் ஸ்டேஷனில் சன்ரூஃப் உள்ள வண்டிக்கு 80 விநாடி, இல்லாததற்கு 50. மூன்றில் ஒன்று சன்ரூஃப் என்றால் சராசரி கச்சிதமாக 60. தாளில் எல்லாம் பொருந்தும். லைன்தான் நின்று நின்று ஓடும்.

கன்வேயர் விநாடிக்கு 10 செ.மீ. நகர்கிறது, ஸ்டேஷன் நீளம் 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சன்ரூஃபை முடிக்கும்போது தொழிலாளி 8 மீட்டர் கோட்டில் நிற்கிறார். அடுத்த வண்டி அதற்குள் 2 மீட்டர் உள்ளே வந்தாயிற்று. அதுவும் சன்ரூஃப் என்றால் வேலை 10 மீட்டரில்தான் முடியும். 20 விநாடி வேலை அடுத்த ஸ்டேஷனுக்குள் வழிகிறது. கூடுதல் ஆள் ஓடிவர வேண்டும், அல்லது லைனை நிறுத்த வேண்டும். அவசரத்தில் போல்ட்டை அரைகுறையாக முறுக்கிவிடுவதும் நடக்கும். அதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஆகவே விதி: அடுத்தடுத்த எந்த மூன்று வண்டியிலும் சன்ரூஃப் ஒன்றுக்கு மேல் கூடாது. முதலில் ஏறிய 20 விநாடி தாமதத்தை அடுத்த இரண்டு சாதா வண்டிகள் பத்துப் பத்தாகக் கழித்துவிடும். ஆனால் 450-இல் 150 சன்ரூஃப் என்றால் கையிருப்பு இடைவெளி பூஜ்யம். விற்பனைப் பிரிவு எவ்வளவு கெஞ்சினாலும் 130-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

பலரும் சுலபமான வண்டிகளை முதலில் அடுக்கிவிடுகிறார்கள். சிக்கலானவை எல்லாம் ஷிப்டின் கடைசி அரைமணியில் குவிகின்றன. இடைவெளி மிகவும் இறுக்கமான ஆப்ஷனை முதலில் பரப்புங்கள். முந்தைய ஷிப்டின் கடைசி இரண்டு வண்டிகளையும் கணக்கில் சேருங்கள். இதை மறப்பவர்களே அதிகம்.

பெயிண்ட் ஷாப்புக்கு வேண்டியது வேறு. நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்ப்ரே கன்னைக் கழுவ வேண்டும் என்பதால், ஒரே நிறம் தொடர்ந்து வந்தால் அவர்களுக்கு லாபம். பெயிண்ட் ஷாப்புக்கும் அசெம்பிளி லைனுக்கும் நடுவில் கார் பாடிகளை நிறுத்தி மறுவரிசைப்படுத்த இடம் இல்லையென்றால் இந்தச் சண்டை தீராது.

பெயிண்ட் ரீவொர்க்குக்காக (குறையைச் சரிசெய்ய) ஒரு பாடி வெளியே போனால், அதற்கான சீட் (இருக்கை) மட்டும் பழைய வரிசைப்படி வந்து நிற்கும். சீட்டை டேக் போட்டு ஓரமாக வையுங்கள். பாடி திரும்பியதும் கிடைத்த முதல் சந்தில் நுழைக்காமல், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.