கைத்தடி எந்தக் கையில்?

கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போவதற்குள் மூன்று நிலைப்படி தாண்ட வேண்டும். வலது இடுப்பில் வலி வந்தபின், வலது காலை ஊன்றும்போதெல்லாம் ஆயாவின் உடம்பு வலப்பக்கம் சாயும். கைத்தடியும் வலக்கையில்தான். மாற்றிப் பிடிக்கச் சொன்னேன்.

“வலி இந்தப் பக்கம். தடிய அந்தக் கையில புடிக்கச் சொல்றியேப்பா!”

காரணம் தசைகளில் இருக்கிறது. கை கால்களை உடம்பின் நடுக்கோட்டைவிட்டு விலக்கவென்றே தனித் தசைகள் உண்டு. கொடியில் துணி போடக் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது வேலையைத் தொடங்கிவைப்பது தோளில் இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ். பிறகு தோளைக் கவிந்திருக்கும் டெல்டாய்டு இழுக்கிறது. கை தலைக்கு மேல் 180 பாகை போவதில் ஏறத்தாழ 60 பாகை, தோள்பட்டை எலும்பே சுழன்று கொடுப்பது.

இடுப்பில் அந்த வேலை குளூட்டியஸ் மீடியஸுக்கும் அதன் அடியில் கிடக்கும் மினிமஸுக்கும். இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்தில் தொடங்கித் தொடை எலும்பின் மேல்புடைப்பில் போய் ஒட்டுகின்றன. காலை அகட்டுவது இவற்றின் வேலை என்று பாடத்தில் படிப்போம். ஆனால் யார் நாள் முழுக்கக் காலை அகட்டிக்கொண்டிருக்கிறார்கள்? உண்மையான பாடு, கால் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான்.

நடப்பது என்பது மாறி மாறி ஒற்றைக்காலில் நிற்பது. வலது கால் ஊன்றி இடது கால் படியைத் தாண்டும் நொடியில், தாங்கல் இல்லாத இடது இடுப்பு கீழே இறங்கப் பார்க்கும். வலப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதால்தான் இறங்குவதில்லை. ஏற்றக் கோலில் குட்டையான பக்கத்தில் நின்று இழுப்பது போன்ற வேலை இது. நெம்புகை, அதாவது மூட்டுக்கும் தசை இழுக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், குறைவு; அதனால் உடல் எடையைப்போல் சுமார் இரு மடங்கு விசை வேண்டியிருக்கிறது. தசை சோர்ந்தால் எதிர்ப்பக்கம் தொங்கிவிடும். ஜெர்மன் அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க் 1895-இல் விவரித்த அறிகுறி இதுவே. ஆயா உடம்பைச் சாய்ப்பதும், எடையை மூட்டுக்கு மேலே கொண்டுவந்து தசையின் சுமையைக் குறைக்கத்தான்.

இடக்கைத் தடி அதையே சாயாமல் செய்கிறது. வலது மூட்டிலிருந்து அந்தக் கை தூரத்தில் இருப்பதால், லேசாக ஊன்றினாலே இடுப்பு தொங்காது.

சுமைக்குக் கணக்கு நேர்மாறு. காய்கறிப் பை வலி உள்ள பக்கத்துக் கையில் இருந்தால், அந்தத் தசைக்கு வேலை குறையும்.

இதைச் சொன்னதும் ஆயா பையை என் கையில் கொடுத்துவிட்டார்.