தீனிக்கும் தீனி வேண்டும்

லெப்பர்டு கெக்கோ என்ற பல்லியை வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு விஷயம் புரிந்துவிடும். பல்லிக்கு ஆகிற செலவு ஒருமுறையோடு போகும், அதன் சாப்பாட்டுக்கு ஆகிற செலவு நின்றபாடில்லை. கடையிலிருந்து வாங்கிவந்த சுவர்க்கோழிகளில் ஒரு பங்கு வீட்டுக்கு வந்த மறுநாளே செத்துக் கிடக்கும். மிஞ்சியவற்றில் ஆண் பூச்சிகள் முன்சிறகுகளை உரசி இரவெல்லாம் கத்தும். சரி, தோட்டத்தில் பிடித்துப் போடலாமே என்றால் அங்கே பூச்சிமருந்து பயம். போதாக்குறைக்கு மின்மினி மாதிரி சில பூச்சிகள் தாமே விஷம். மின்மினியைத் தின்ற பியர்டட் டிராகன் ஓணான்கள் சில மணி நேரத்திற்குள் இறந்திருக்கின்றன.

ஆகவே பலரும் கடைசியில் வந்து சேரும் இடம் மூடிபோட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டிதான். ஒரு பெட்டி, கொஞ்சம் சூடு, கொஞ்சம் தவிடு. கேட்க எளிது. ஆனால் ஒவ்வொரு பூச்சிக்கும் இனம்பெருக்கத் தனி வழி உண்டு. அது தெரியாமல் இறங்கினால் பெட்டி நாறும், அல்லது காலியாகும்.

எல்லாவற்றுக்கும் பொதுவானது வெப்பம். பூச்சிக்குச் சொந்தமாக உடற்சூடு கிடையாது. சுற்றியிருக்கும் காற்றின் சூடு எவ்வளவோ அவ்வளவு வேகத்தில்தான் அதன் உடலுக்குள் வேலை நடக்கும். 30 டிகிரி செல்சியஸில் சுவர்க்கோழியின் முட்டை பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்து, குஞ்சு ஆறு முதல் எட்டு வாரத்தில் முழுப்பூச்சியாகிவிடும். 20 டிகிரிக்கு இறங்கினால் இதே கணக்கு இரண்டு மூன்று மடங்கு நீளும். தீனிக்கென்று வளர்க்கும் மாவுப்புழு கைவசம் அதிகமாகிவிட்டதா, ஃபிரிட்ஜில் வைக்கலாம். சாகாது, வளர்ச்சிதான் ஏறக்குறைய நிற்கும். ஆனால் அதன் பெரிய உறவுக்காரரான சூப்பர் புழுவை அதே ஃபிரிட்ஜில் வைத்தால் செத்துவிடும். அது வெப்பமண்டலத்து வண்டின் புழு, குளிர் தாங்காது.

சுவர்க்கோழியை எடுத்துக்கொள்வோம். பெண் பூச்சியின் பின்புறம் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது கொடுக்கு அல்ல, முட்டையிடும் குழல். அதை ஈரமண்ணில் செருகி முட்டையிடும். ஒரு கிண்ணத்தில் ஈரமான தேங்காய்நார்த் தூளை வைத்தால் போதும், தேடிவந்து இட்டுவிடும். சில நாளுக்கு ஒருமுறை அந்தக் கிண்ணத்தை எடுத்து வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெரிய பூச்சிகளே கிண்டித் தின்றுவிடும். சிக்கல் என்னவென்றால், முட்டைக்கு ஈரம் வேண்டும், பெட்டியின் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் பரவினால் பூஞ்சை, சிற்றுண்ணி, நாற்றம் எல்லாம் கூடவே வரும். தண்ணீரே இல்லையென்றால் சில நாளிலேயே சாவு. தட்டில் தண்ணீர் ஊற்றினாலோ எறும்பளவே இருக்கும் குஞ்சுகள் அதில் மூழ்கிவிடும். நனைத்த பஞ்சு அல்லது கேரட் துண்டு இதற்கு நடுவழி. உள்ளே கோழிமுட்டை அடுக்கும் அட்டைகளைச் செங்குத்தாக நிறுத்தினால் எச்சம் கீழே விழுந்துவிடும், ஒளிந்துகொள்ளவும் இடம் கிடைக்கும். இடம் குறைந்தால் ஒன்றையொன்று தின்னத் தொடங்கும்.

இவ்வளவு பார்த்தும் ஒருநாள் மொத்தக் கூட்டமும் மல்லாந்து கிடக்கலாம். சுவர்க்கோழிகளைத் தாக்கும் டென்சோவைரஸ் என்று ஒன்று உண்டு. ஐரோப்பியப் பண்ணைகளை ஏற்கெனவே பதம்பார்த்த அது, 2009-10 வாக்கில் வட அமெரிக்காவிலும் பெரும் பண்ணைகளைக் காலி செய்தது. அந்த வைரஸ் எளிதில் தொற்றாத வேறு சுவர்க்கோழி இனத்துக்கு அப்புறம் பலர் மாறினார்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர் சுவர்க்கோழிப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

மாவுப்புழு சாதுவானது. பெயரில்தான் புழு, உண்மையில் ஒரு கருப்பு வண்டின் இளம்பருவம். தவிடே அதற்கு வீடு, தவிடே சாப்பாடு. கேரட் போட்டால் நன்றாக வளரும். போட மறந்தாலும் சமாளிக்கும், ஏனென்றால் காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும்போது மலக்குடல் வழியாக அந்த ஈரத்தையே உறிஞ்சும் ஏற்பாடு அதன் உடலில் இருக்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வண்டுகள் தம் முட்டைகளையும் கூட்டுப்புழுக்களையும் தின்னும். வண்டுகள் இருக்கும் தட்டின் அடிப்பாகத்தை வெட்டிச் சல்லடை வலை ஒட்டிவிட்டால் முட்டைகள் தவிட்டோடு கீழ்த்தட்டில் உதிர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சூப்பர் புழுதான். முதல்முறை நூறு புழுக்களை வாங்கித் தவிட்டில் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். தின்றன, பெருத்தன, வண்டாகத்தான் ஆகவில்லை. தவிட்டில் கோளாறு என்று நினைத்து மாற்றினேன், சூட்டைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. விடை கூட்டத்தில் இருந்தது. மற்ற புழுக்கள் உடம்பில் வந்து உரசிக்கொண்டே இருக்கும்வரை இந்தப் புழு கூட்டுப்புழுவாக மாறாது. இதில் நியாயம் இருக்கிறது. கூட்டுப்புழுவுக்கு ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. பசித்த நூறு வாய்களுக்கு நடுவே அந்த நிலைக்குப் போவது தற்கொலை. ஆகவே தனிமை கிடைக்கும்வரை மாற்றத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வொரு புழுவையும் தனித்தனிச் சின்ன டப்பாவில், தீனி இல்லாமல், இருட்டில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வில்லாக வளைந்து கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது தோலுரிக்கத் தயாராகிறது. அடுத்த இரண்டு வாரத்தில் வண்டு வெளியே வரும்.

டுபியா கரப்பான் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கரப்பான் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் இதனால் ஏற முடியாது, கத்தாது, நாற்றமும் குறைவு. முட்டைப்பையை வெளியே தள்ளி, திருப்பி, மறுபடி உடலுக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு, பிறகு இருபது முப்பது குஞ்சுகளாக ஈனும். ஆகவே முட்டைக்கென்று ஈரமண் தேவையில்லை. ஆனால் பிறந்த குஞ்சு தாயாக நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். இங்கேதான் பொறுமை தேவை. முதல் மாதமே பெரியவற்றைப் பொறுக்கிப் பல்லிக்குப் போட்டால் பெட்டியில் தாய்களே மிஞ்சாது. எடுப்பதாக இருந்தால் சிறகு நீண்ட ஆண்களை எடுங்கள். மூன்று நான்கு பெண்களுக்கு ஓர் ஆண் போதும்.

இனி பல்லியின் பக்கம் வருவோம். பூச்சியின் ஓடு கைட்டினாலும் புரதத்தாலும் ஆனது, அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. பல்லியின் எலும்புக்கோ அதுதான் வேண்டும். உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பது நல்லது. சுவர்க்கோழியிலும் மாவுப்புழுவிலும் கணக்கு தலைகீழ், பாஸ்பரஸ்தான் பல மடங்கு. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் சும்மா இருக்காது, பாராதைராய்டு சுரப்பியின் கட்டளைப்படி எலும்பிலிருந்து கரைத்து எடுக்கும். வயிறு நிறையத் தின்றுகொண்டிருக்கும் பல்லிக்கே தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகி, கால்கள் வளைந்து, நடுக்கம் வருவது இப்படித்தான்.

இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கால்சியம் தூளில் பூச்சிகளைக் குலுக்கி உடனே கொடுப்பது. தாமதித்தால் அவை தம்மைச் சுத்தம் செய்துகொண்டுவிடும். மற்றது, கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு பூச்சிக்குச் சத்தான தீனி போட்டு அதன் குடலை நிரப்புவது. அந்தத் தீனியில் இருக்கும் கால்சியம் பூச்சியின் சதையில் சேராது, குடலில்தான் நிற்கும், எச்சத்தோடு வெளியேறிவிடும். அதனால் போன வாரம் போட்ட நல்ல தீனியால் இன்று பயனில்லை. அதற்காக எப்போதும் கால்சியம் மிகுந்த தீனியே போட்டுவந்தால் பூச்சிகள் சாகத் தொடங்கும். கருப்பு சிப்பாய் ஈயின் புழு மட்டும் விதிவிலக்கு, தன் தோலிலேயே சுண்ணாம்பைப் படியவைத்துக்கொள்கிறது. எதைக் கொடுத்தாலும் வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்குச் சரியாகப் போகாது. புறஊதாக் கதிர் பட்டால் தோலே டி3-ஐ உண்டாக்கிக்கொள்ளும், அதற்குத்தான் பகலில் நடமாடும் ஓணான்களுக்குப் புறஊதா விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பெட்டியைச் சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பூச்சிகளின் உதிர்ந்த தோலும் எச்சத்தூளும் நாளடைவில் சிலருக்குத் தும்மல், ஆஸ்துமா வரை கொண்டுபோய்விடும்.

இரவில் பல்லி தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். பசித்தால் அவை தூங்கும் பல்லியின் தோலையே கடிக்கும். ஒளிந்துகொண்டு அகப்படாதவற்றுக்காக ஒரு துண்டு கேரட்டை மூலையில் போட்டுவிட்டு விளக்கை அணையுங்கள்.